மஞ்சள் அட்டையில் ஒரு வெள்ளை ஈ

சோப்பு அக்கா நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை முடித்து ஆள்காட்டி விரலுக்கு வந்திருந்தாள். தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

“செடியை எப்பக்கா காட்டுவீங்க?” என்றார் தையல்காரர். கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தார்.

“முழங்கை வரைக்கும் கழுவினப்புறம்.”

“நேத்தும் இதைத்தானே கழுவினோம்?”

“நேத்து சாப்பிட்டீங்களே, அதுக்காக இன்னிக்குப் பட்டினியாவா வந்தீங்க?”

அவர் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர்கள் நின்றது கழுவும் அறை. அதைத் தாண்டி ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத பெரிய கூடம். அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கு மேலும் விளக்கு வரிசை. மண் கிடையாது, சத்து கலந்த தண்ணீர் குழாயில் ஓடும், வேர்கள் அதில் நனைந்தபடி கிடக்கும். வெயில், காற்று, குளிர் எல்லாம் சுவரில் உள்ள பொத்தான்களுக்குள் அடக்கம். அங்கே கீரை வளர்த்து ஆராய்ச்சி செய்வார்கள். கண்டுபிடித்ததை வெளியாட்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பூச்சிமருந்து ஒரு சொட்டுக்கூடத் தெளிப்பதில்லை. ஆகவே பூச்சி உள்ளே வரவே கூடாது. அந்த ‘ஆகவே’யைக் காப்பாற்றுவதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

முன்பு அவள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் உதவியாளர். பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி, “வாட்ச்சைக் கழட்டிட்டு வாங்க” என்றவள். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போனபோது, கீரை யாரையும் புரட்டச் சொல்லாது என்று இங்கே வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால் அதே சோப்பு, அதே தலைக்குல்லா. நோயாளிகள்தான் பச்சை நிறம். ஆனால் நல்ல நோயாளிகள். பெல் அடிக்க மாட்டார்கள், பார்க்க வரும் உறவுக்கூட்டமும் இல்லை.

சட்டங்கள் அவள் போட்டவை. காலையில் தோட்டத்தில் கால் வைத்தவர் அன்று கூடத்துக்குள் வரக்கூடாது. வெளிப்பொருள் எதுவும் துடைக்காமல் போகக்கூடாது. மீறினால், அது யாராக இருந்தாலும், முதல் நாள் பாடத்துக்கே திரும்பி முன்வரிசையில் நின்று கைகழுவ வேண்டும். ஆராய்ச்சித் தலைவரே ஒருமுறை சட்டைப்பையில் வேர்க்கடலையோடு வந்து முன்வரிசையில் நின்றிருக்கிறார்.

ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவளுக்கு வீட்டில் ஒரு தலைவலி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், கை சும்மா இருக்க மாட்டாமல், பால்கனியில் தக்காளி வைத்தார். வைத்தவர் அதோடு விட்டாரா? தக்காளிக்குத் துணையாகக் கத்தரி, கத்தரிக்குத் துணையாக மிளகாய். செடிகளைத் தொட்டால் குளிக்காமல், வேறு சட்டை மாற்றாமல் தன் பக்கம் வரக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“நாலு செடி வெச்ச பாவத்துக்கு என்னைத் தொத்து வியாதிக்காரன் ஆக்கிட்டியே” என்பார் அவர்.

“ஆக்கலை. கண்டுபிடிச்சேன்.”

அன்று மதியம் கூடத்திலிருந்து தலைவர் அவளைக் கூப்பிட்டார். தட்டுகளுக்கு மேல் அங்கங்கே மஞ்சள் நிற ஒட்டு அட்டைகள் தொங்கும். பறக்கும் பூச்சி ஏதாவது புகுந்தால் மஞ்சளுக்கு மயங்கி அதில் ஒட்டிக்கொள்ளும், புகுந்தது தெரிந்துவிடும். அதற்காகவே அவை. இதுவரை எதிலும் எதுவும் ஒட்டியதில்லை. இன்று, அவள் காலையில் மாட்டிய புது அட்டையில், ஒரு வெள்ளை ஈ.

எள்ளில் பாதி இருக்கும். அதைப் பார்த்து ஆறடி ஆள் ஆடிப்போயிருந்தார்.

“ஒண்ணு வந்தா ஒரு குடும்பமே வந்திருக்கும்கா. மொத்தத்தையும் மூட்டை கட்டிட வேண்டியதுதான். காலையில ஆரம்பிச்சிரலாம்.”

மொத்தம் என்றால், பயிற்சிக்கு வந்தவர்கள் விதையிலிருந்து வளர்த்த கீரை முழுவதும். அறுவடை செய்து காட்டினால்தான் தேர்ச்சி. கீரை போனால் பயிற்சியும் போச்சு.

யார் கொண்டுவந்தது என்று பேச்சு கிளம்பியது. எல்லாக் கண்களும் தையல்காரர் மேல் போயின. போன வாரம்தான் அவர் சட்டைப்பையில் புதினா இலை அகப்பட்டிருந்தது.

“அது வாய் நாத்தத்துக்கு வெச்சிருந்ததுங்க. அதுக்கப்புறம் பையையே தெச்சு மூடிட்டேன், பாருங்க” என்று சட்டையை இழுத்துக் காட்டினார். பை நிஜமாகவே தைத்து மூடியிருந்தது, இரட்டைத் தையலில். யாரும் சிரிக்கவில்லை.

“வெளியிலிருந்து இலை கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான். நாளையிலேர்ந்து வர வேண்டாம்” என்றார் தலைவர்.

தையல்காரர் அக்காவைப் பார்த்தார். சட்டம் அவளுடையது. அவள் மூட்டை கட்டும் பைகளை எடுத்துவைக்கப் போனாள். ஆனாலும் அந்த ஈ அவளை உறுத்தியது. பசையில் விழும் ஈ சிறகைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். இது இஸ்திரி போட்டது போலத் தட்டையாகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார்.

“உங்க அட்டை பிரமாதமான அட்டைம்மா.”

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். “எந்த அட்டை?”

“முந்தாநாள் கடையிலேர்ந்து வாங்கியாந்து நாற்காலியில வெச்சிருந்தியே, அதுல ஒண்ணு. தக்காளிகிட்ட மாட்டினேன். மாட்டின கையோட ஒரு ஈ மாட்டிக்கிச்சு.”

“அப்புறம்?”

“ஆபீஸ் சாமானாச்சே. உரிச்ச காகிதத்தை மேல வெச்சு நல்லா அமுக்கி, திரும்பக் கட்டுக்குள்ளயே சொருகிட்டேன். ஒரு ஈதானே, பாக்கி இடமெல்லாம் சும்மாத்தான் இருக்கு.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அட்டைக் கட்டின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் துடைத்திருந்தாள். உள்ளே இருந்த அட்டைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. கூடத்துக்குள் போனதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அரைக்குருடியாகத்தான் அட்டையை உரித்து மாட்டினாள். கூடத்துக்குள் ஈயே வரவில்லை. செத்த ஈயை அவளே கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறாள்.

நடந்ததைக் கேட்ட கணவர் தலையைச் சொறிந்தார். “நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போவுது?”

“கீரைக்குத் தெரியாது. தையல்காரருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு தொலைஞ்சிருச்சே.”

“உன் மானம் கப்பலேறிடுமே.”

“ஏறட்டும். தனியா ஏறாது. நீங்களும் வர்றீங்க.”

உடனே தலைவருக்குப் போன் செய்தாள். அவர் மற்ற அட்டைகளையும் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் திரும்பக் கூப்பிட்டபோது சோறு ஆறிப்போயிருந்தது. கூடம் சுத்தம். கீரை பிழைத்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: “அக்கா, அந்த முன்வரிசைச் சட்டம்...?”

“சட்டம் சட்டம்தான் சார். தையல்காரரை வரச் சொல்லுங்க. பாடம் அவரே எடுக்கட்டும்.”

மறுநாள் காலை, கழுவும் அறையின் முன்வரிசையில் சோப்பு அக்கா நின்றாள். பக்கத்தில், குளித்து முழுகி, சலவைச் சட்டையோடு கணவர். எதிரே தையல்காரர், தோளில் அளவு நாடா இல்லாத குறையாக. பின்னால் நின்ற கூட்டம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

“நகக்கண்ணுக்கா” என்றார் தையல்காரர்.

“தேய்ச்சாச்சு.”

“மோதிரம்?”

அக்கா குனிந்து பார்த்தாள். விரலில் கல்யாண மோதிரம். வேலைக்கு வரும்போது வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவது அவள் வழக்கம். காலையில் கணவரைத் தேய்த்துக் குளிப்பாட்டிய அவசரத்தில் மறந்துபோயிருந்தது. கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள்.

“செடியை எப்பங்க காட்டுவீங்க?” என்று கணவர் தையல்காரரைக் கேட்டார்.

“உங்களுக்கா? நீங்க தக்காளியைத் தலைமுழுகினப்புறம்.”

கூட்டம் அடக்கியதை அவிழ்த்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. சோப்பை எடுத்தாள், கணவரின் வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.