மாடி அறையின் தரம்

வீட்டுக்காரம்மாவைத் தெரு முழுக்க 'சுவிட்ச் அக்கா' என்றுதான் சொல்லும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். தையல் மெஷினை மிதித்து மிதித்தே கீழ்வீடும் மேலே ஓர் அறையுமாகக் கட்டி எழுப்பியவர். கணவர் போனபின் மாடியில் ஒரு நர்ஸைக் குடிவைத்தார். இரவு டியூட்டி முடிந்து வருகிறவள் இவருக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டுத்தான் மாடியேறுவாள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் சுவிட்ச் அக்கா.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் எரிசக்தித் தரம் பார்ப்பார்களாம். கடைசித் தரம் வாங்கிய வீட்டைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக்கூடாதாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. சிக்கனத்தில் தன்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? நர்ஸ் எங்கேயும் போக வேண்டியிருக்காது. அது போதும் அவருக்கு.

ஆய்வாளர் ஒரு மத்தியானம் வந்தார். சுவிட்ச் அக்கா அவரை நேரே மீட்டரிடம் கூட்டிப்போனார்.

"பாருங்க சார், ஓடுதா நிக்குதான்னே தெரியாது."

"நீங்க எவ்வளவு செலவழிக்கிறீங்கன்னு நான் பாக்க வரலம்மா. வீடு எவ்வளவு சூட்டை உள்ள விடுதுன்னுதான் பாக்கணும். மாடியைக் காட்டுங்க."

கதவைத் தட்டி உள்ளே போனதும் முகத்தில் அனல் அடித்தது. பகலில் அந்த அறைக்குள் சுவிட்ச் அக்கா வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்த நர்ஸ் தூக்கம் கலைந்து எழுந்து நின்றாள். ஃபேன் ஓடவில்லை. பகலில் எதற்கு ஃபேன் என்று குடிவந்த புதிதில் கேட்டது இவர்தான். ராத்திரியெல்லாம் விழித்திருப்பவளுக்குப் பகல்தான் ராத்திரி என்பது இவர் புத்திக்கு அதுவரை எட்டவே இல்லை. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆய்வாளர் கூரைப் பக்கம் கருவியை நீட்டிப் பார்த்துக் கடைசித் தரம் கொடுத்தார். மொட்டைமாடியில் வெயில் தாங்கும் பூச்சும் ஜன்னலுக்கு வெளியே மறைப்பும் போட்டால் தேறிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"நாளைக்கே ஆளைக் கூப்பிடறேன்" என்றார் சுவிட்ச் அக்கா. "நீ ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனேக்கா. ஜன்னலைத் திறந்து வைன்னீங்க."

அவர் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

"வேலை முடியற வரைக்கும் கீழ என் ரூம்ல தூங்கு."

நர்ஸ் ஈரத்துணியை எடுத்து மடித்தாள்.

"வேணாங்க்கா. ஆஸ்பத்திரி பக்கத்துல வேற இடம் பேசி முடிச்சாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தேன். நீங்க பூச்சு போடுங்க, அடுத்து வர்றவங்களாவது தூங்கட்டும்."