என் கையை விடாத அன்ரி

ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில் நான் குடும்ப மருத்துவர். மாத்திரை எழுதுவதோடு, சீன மருத்துவர் ஒருவரிடம் கற்ற சிகோங் என்ற மூச்சுச் சிகிச்சையும் செய்கிறேன். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடுவேன்.

அன்று, வழக்கமாக இந்தச் சிகிச்சைக்கு என்னிடம் வரும் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி வந்தார். ஈசிஜி பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மாரடைப்பு. ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு, நர்ஸிடம் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் டொக்டர். உங்கட கை பட்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

பதற்றமாவது தணியட்டும் என்று கையைப் பிடித்தேன். சேர்ந்து மூச்சு விட்டோம். அவர் முகம் தெளிந்தது. அதுதான் வினையாகப் போனது.

"பாத்தீங்களே, நெஞ்சு நோ குறைஞ்சிட்டுது. நான் வீட்ட போறன்."

வசமாக மாட்டிக்கொண்டேன். கையை விட்டால் எழுந்து போய்விடுவார். பிடித்தே இருந்தால் குணமாகிவிட்டதென்று நம்புவார்.

"அன்ரி, அடைப்பு அப்படியேதான் இருக்கு. அதை என் கையால எடுக்க முடியாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்களும் வாங்கோ," என்றார். பிடித்த கையை அவர் விடவில்லை. காத்திருந்த நோயாளிகளைத் தாண்டி, அவரோடு நானும் ஏறினேன். வழியில் வேகமாக மூச்சு வாங்கியது நான்தான்.

"மெல்ல மூச்சு விடுங்கோ டொக்டர்," என்றார்.

அன்ரி பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் யார் கையைப் பிடித்தாலும், இதனால் எது ஆகாது என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சை இழுக்கிறேன்.