கோமாவில் கிடந்தவனுக்கு அர்ச்சனை

மும்பையில் தொடங்கிய அந்த இந்தி சேனல் துபாய், லண்டன் என்று ஊர் ஊராகப் போய்விட்டுக் கடைசியில்தான் எங்கள் பக்கம் வந்தது. வந்த பிறகுதான் இங்கே முக்கால்வாசிப் பேருக்கு இந்தி தெரியாது என்பது அதற்கு உறைத்தது. உடனே பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீஸ் போட்டு, மலாய் சப்டைட்டில் எழுத ஆள் எடுத்தார்கள். எடுத்த ஆள் நான். எனக்கும் இந்தி தெரியாது. மும்பையிலிருந்து வரும் ஆங்கில வசனத்தைப் பார்த்து மலாயில் எழுதுவேன்.

கிள்ளானில் என் அம்மா அந்த மலாயைப் படித்தே சீரியல் பார்த்தார். இந்தியாவில் ஓடி முடிந்த கதை இங்கே சில மாதம் கழித்துத்தான் வரும். முன்கூட்டியே வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஒருநாள் கதாநாயகன் லோரியில் அடிபட்டுக் கோமாவில் விழுந்தான். அம்மா சும்மா இருப்பாரா? அவன் கண் திறக்கும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது என்று வேண்டிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சாகிற காட்சியை நான் முந்தின வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"அவனுக்கு என்ன நட்சத்திரம்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு லா. கோயில்ல ஐயர் கேப்பாரு."

"அம்மா, அது நடிப்பும்மா."

"அவன் பொண்டாட்டி கழுத்துல கிடக்கிறது தாலிதானே?"

ரோகிணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். மூன்று வாரம் வீட்டில் பருப்பும் கத்திரிக்காயும்தான். நான் மட்டும் ஆபீஸ் பக்கத்துக் கடையில் மீன் கறி தின்றுவிட்டு, மிட்டாய் மென்றுகொண்டே வீடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு அவர் வெயிலில் வரிசையில் நின்றதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று நான் எழுதிய வரியைப் படித்துவிட்டு அம்மா கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"நான் கும்புடுறத பாத்துக்கிட்டேவா இருந்த?"

"சொன்னா வேலை போயிரும்மா."

"சொல்ல வேணாம். மலாயில எழுதுறது நீதானே? பொழைச்சிட்டான்னு எழுதியிருந்தா கிள்ளான்ல எவனுக்குத் தெரியும்?"

"எரிக்கிறதையே காட்டுறாங்களேம்மா!"

"வேற ஆள எரிக்கிறாங்கன்னு எழுது."