கண்டக்டர் வீட்டு வாசக்கால்

திருப்பதிக்குப் போகிறவர்கள் மலை ஏறுவார்கள். நான் மூன்று வருடம், மாம்பழ சீசன் போக வாரத்துக்கு நான்கு நாள், சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போனேன்; ஒருநாளும் மலை ஏறவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், அதனால் அதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது. நான் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்த சீட்டாட்ட கிளப்புக்கு. காலை ஏழு மணி பஸ், கையில் டிபன் பாக்ஸ், சட்டைப்பையில் பேனா. பார்க்கிறவன் ஏதோ ஆபீஸ் குமாஸ்தா என்றுதான் நினைத்திருப்பான்.

சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் முளைத்த காலம் அது. டின் டின்னாகக் கூழ் கப்பலேறியது. அதில் ஒரு ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசர். மாம்பழ சீசன் மூன்று மாதம் தலைகால் தெரியாத வேலை; மற்ற ஒன்பது மாதமும் பாதிச் சம்பளம், வாரத்தில் இரண்டு நாள் போய்க் கேட்டைத் திறந்து மூடுவதைத் தவிர வேலையே கிடையாது. என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டாம் வருடம் அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. கூழும் போனது, நர்சுகளும் போனார்கள். எங்கள் சபையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் வெளிநாட்டு சோப்பு வாசனை அடித்தது.

அவள் போனது ஒரே ஒரு காரியத்துக்காக. சொந்த வீடு. கங்காதர நெல்லூர் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் போட்ட குடிசையில் வளர்ந்தவள் அவள். இரண்டு தடவை காலி செய்யச் சொல்லி, அவள் நைனா கூரையைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தவள். போவதற்கு முன்னாலேயே சித்தூரில் வேலூர் ரோட்டுப் பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கினோம். பணம் அவளுடையது, பத்திரம் என் பெயரில். அதுதான் மரியாதை என்று அவளே சொன்னாள். மேஸ்திரி பேஸ்மட்டம் வரை கட்டிக்கொடுத்தார். அவள் அந்த மேடையில் ஏறி நின்று, "இது சமையல்கட்டு, இது ஜெப ரூமு" என்று காலாலேயே கோடு போட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனவன் பெயரைச் சொல்லி அவன்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவன் இரண்டாம் நாளே விட்டுவிட்டான். நான்தான் ஒட்டிக்கொண்டேன். முதல் மாதத்தில் ஜெயித்தேன். சம்பளத்தைவிட அதிகமாக ஜெயித்தேன். அதைவிடக் கெட்டது ஒரு மனிதனுக்கு நடக்க முடியாது.

அங்கே நான்கு பேர் இருந்தார்கள். ரம்மிதான் அவர்களுக்குப் பிழைப்பு. குடிக்க மாட்டார்கள், கத்த மாட்டார்கள், மதியம் தயிர்சாதம்தான். பதின்மூன்று சீட்டு வந்ததும் ஒரு பார்வை பார்ப்பார்கள். கை சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே சின்ன நஷ்டத்தோடு சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டுப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து ஆட்டத்தில் ஆறு ஆட்டம் அப்படித்தான். எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. நான் கவிழ்த்ததே இல்லை. ஒரு சீட்டு வந்தால் போதும், வந்துவிடும், இதோ வருகிறது என்று கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பேன். அவர்களைப்போல நானும் தொழில்முறை ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைத்தான் தங்கள் தொழிலாக வைத்திருந்தார்கள்.

கையில் இருந்தது தீர்ந்ததும் கடன் கொடுக்க அங்கேயே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விபூதிப் பட்டை, வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். நூறு கேட்டால் தொண்ணூறு கையில் வரும். நான் எழுந்து போகலாம் என்று செருப்பைத் தேடினால், "எக்கடிக்கி சார்? போகொட்டுக்குன்ன சோட்டே வெதுக்கோவாலி" என்பார். தொலைத்த இடத்தில்தானே தேட வேண்டும்! எவ்வளவு நியாயமான பேச்சு. அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சுவர் எழுப்ப அவள் அனுப்பிய பேங்க் டிராஃப்டும், அதற்கடுத்து வந்த டிராஃப்டும் அந்த மேஜைமேல் போயின. கடைசியில் மனைப்பத்திரத்தையும் அவரிடம் வைத்தேன். ஆறு மாதத்தில் அது அவர் காட்டிய ஆள் பெயருக்கு மாறியது. ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீதியாகக் கிடைத்த பணத்தோடு நேராகக் கிளப்புக்குத்தான் போனேன். இதை எழுதும்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மேஸ்திரி எத்தனை நாள் காத்திருப்பார்? எங்கள் வேலை நின்றதும் அடுத்த தெருவில் ஒரு பஸ் கண்டக்டருக்கு வீடு கட்டப் போய்விட்டார். எங்களுக்குப் போட்ட அதே பிளான், அதே அளவு. அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. வேலை நடப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அவள் ஒரு கேமரா கொடுத்தனுப்பியிருந்தாள். அந்தக் கேமராவிலேயே கண்டக்டர் வீட்டைப் படமெடுத்தேன். சுவர் எழும்பியது, அனுப்பினேன். ஜன்னலுக்கு மேல் லிண்டல் போட்டார்கள், அனுப்பினேன். செங்கல்மேல் கையை ஊன்றிக்கொண்டு நானே ஒரு படத்தில் நின்றேன். அதை எடுத்தவர் கண்டக்டர். பாவம், மேஸ்திரிக்கு வேண்டியவன், ஆசைப்படுகிறான் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்திருப்பேன், அவள் கூப்பிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை எடுத்ததுமே கேட்டாள்:

"இன்னாங்க, போட்டோவுல வாசக்கால்ல மஞ்சா பூசிக்கிது, குங்குமம் வெச்சிக்கிது, மாவிலை கூட கட்டிக்கிது. நம்ம வூட்டுக்கு யாருங்க அதெல்லாம் பண்ணது?"

படம் எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. வாசக்கால் என்றால் மஞ்சள் இருக்கும்; ஊரெல்லாம் பார்த்துப் பழகிய கண். எங்கள் ஜனங்கள் வாசக்கால் வைத்தால் போதகர் வந்து ஒரு சங்கீதம் படித்து ஜெபம் செய்வார், அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அது உறைக்கவில்லை.

"மேஸ்திரி வெச்சிட்டாரு. அவங்க வழக்கம். வேணான்னு சொன்னா மனசு நோவாரு" என்றேன்.

அவளுடைய போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "சரி வுடுங்க. கட்றவரு மனசு நோவக் கூடாது. பாஸ்டர இட்டாந்து ஒரு ஜெபம் மட்டும் பண்ணிடுங்க."

பண்ணியாச்சு என்றேன். அந்த மாதம் மேல்தளத்துக்குப் பணம் வந்தது. அன்றைக்கு நான் ஜெயித்துமிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது இன்னொரு தடவை கூப்பிட்டாள். கதவுக்கு காலிங் பெல் வாங்கப்போகிறாளாம். "மணி அடிக்கிற மாறி ஒண்ணு கீது, குருவி கத்தற மாறி ஒண்ணு கீது. எது வாங்கட்டும்?" குருவியே வாங்கு என்றேன். அதைச் சொல்லும்போது அந்தக் கதவு இருக்கிறது என்று நானே நம்பினேன்.

மூன்றாம் வருட முடிவில், சொல்லாமல் கொள்ளாமல் அல்ல, ஒரு மாதம் முன்பே தேதி சொல்லித்தான் வந்தாள். அந்த ஒரு மாதமும் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஆடினேன். ஒரே கையில் வீட்டை எடுத்துவிடலாம் என்று சபையில் எட்டுப் பேரிடம் வாங்கி ஆடினேன். அவள் அம்மாவின் கம்மலையும் விடவில்லை.

சென்னையிலிருந்து வாடகைக் காரில் வந்தோம். வழியெல்லாம் சமையல்கட்டுக்கு எந்த நிறம் அடித்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மனைக்கு முன்னால் இறங்கினோம். பேஸ்மட்டம் மேல் பார்த்தீனியச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. யாரோ கழுதையைக் கட்டியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிளப், கடன், பத்திரம் எல்லாம். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவள் அழவில்லை.

"போட்டோவுல இருந்த வூடு எங்கங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அன்றைக்கும் அந்த 'ங்க' விடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போனேன். கண்டக்டர் மனைவி வாசலில் நின்றிருந்தார். என்னைத் தெரியும் என்பதால், "ரா அக்கா, லோபலிகி ரா" என்று இவளை உள்ளே அழைத்தார். இவள் வாசலிலேயே நின்று வாசக்காலைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் மஞ்சள் புதிதாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே பாத்தேன். மேஸ்திரி வெச்சாருன்னு சொன்னீங்க, நம்பிக்கினேன்" என்றாள். "அங்க எங்க ரூமுல பத்து பொண்ணுங்க. இந்த போட்டோவ நடுவுல வெச்சி, சுத்தி முட்டி போட்டு ஜெபம் பண்ணோம். இந்த வூட்ல சமாதானம் இருக்கணும்னு."

பிறகு உள்ளே போனாள். ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். சமையல்கட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "நல்லா கட்டிக்கிறீங்க" என்றாள். அப்புறம் கைப்பையைத் திறந்து, பெட்டி பிரிக்காத காலிங் பெல்லை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்று அவர் திகைத்தார்.

"இந்த வாசலுக்குத்தாம்மா வாங்கினேன்" என்றாள்.

லீவு முடியும்வரை அவள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். நான் வாங்கிய எட்டுக் கடனையும் அடைத்து, கம்மலையும் மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டேன்; விட்டேன் என்பதைவிட, கடன் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று என்பதுதான் உண்மை. கிளப்பையும் பிற்பாடு மூடிவிட்டார்கள். இப்போது ரம்மி செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது, எனக்கும் தினம் அழைப்பு வருகிறது. அழித்துவிடுகிறேன். சில நாள் அழிக்கக் கொஞ்சம் தாமதமாகிறது.

நான் குடியிருக்கும் வாடகை அறை அந்தத் தெரு முனையில்தான். வேறு இடம் கிடைக்காமல் இல்லை. கண்டக்டர் வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே குருவி கத்தும். யாரோ போய்க் கதவைத் திறப்பார்கள். மணிச் சத்தம் இருக்கிறதே, அதை வாங்கட்டுமா என்றும்தான் அவள் கேட்டாள்; குருவி என்று சொன்னது நான்.