கடவுளுக்கு ஒரு கண்ணாடி

"கடவுளுக்கு ரொம்ப வயசாயிடுச்சுல்லம்மா? அப்ப அவருக்கு யாரு கண்ணாடி செஞ்சு குடுப்பாங்க?"

இந்தக் கேள்வி வந்தது கண்ணாடிக்கார அக்காவிடம், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். மூக்குக்கண்ணாடிக் கடையில் பழுது பார்ப்பவள் என்பதால் தெருவுக்கே அவள் கண்ணாடிக்கார அக்கா. கேட்டது அவள் மகள், வாலு. பள்ளி விட்டதும் கடை மூலையில் உட்கார்ந்து, 'எழுத்தே தெரியலம்மா' என்று வரும் பெரியவர்களைத் தினமும் பார்ப்பவள்.

அக்காவுக்கு அன்று மனசு சரியில்லை. "வேலைய நிரந்தரமாக்கிக் குடுன்னு நானும் தினம் கும்பிடுறேன். நம்ம வீடு இருக்கிறதே அவருக்குத் தெரியல. நீ பேசாம சாப்பிடுடி."

போதாக்குறைக்கு அவள் ஒரு தப்பும் செய்திருந்தாள். கடைப் பொருள் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. ஆனால் கல்லூரி டீச்சரின் கண்ணாடிக் கம்பி ஆடியது. அதற்கான திருகாணி அக்காவின் வீட்டு டப்பாவில்தான் இருந்தது. கண்ணாடியை வீட்டுக்கு எடுத்துவந்து முடுக்கி, உறையில் போட்டு வைத்தாள். மறுநாள் டீச்சருக்கு ஓய்வுக்கு முன் கடைசி வகுப்பு, அதற்குக் கண்ணாடி வேண்டும்.

காலையில் பார்த்தால் உறை காலி.

கட்டிலுக்கடியில், அரிசி டின்னுக்குப் பின்னால் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். "தொலைஞ்சா என் வேலையும் தொலைஞ்சது" என்று புலம்பினாள்.

"தொலையலம்மா," என்றாள் வாலு, பல் விளக்கிக்கொண்டே. "அவரு பாத்துட்டு இருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே, திட்டின் மேல், வானத்தைப் பார்த்து, கம்பிகளை விரித்தபடி இருந்தது கண்ணாடி. கீறல் விழக் கூடாதென்று அடியில் கைக்குட்டை வேறு. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடையில் டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "இது யாரு விரல் தடம்? இத்துனூண்டு இருக்கே?"

அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளியின் முகம் சுருங்கியது. டீச்சரோ இருமல் வரும்வரை சிரித்தார்.

"நான் நடத்துறது இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் ரொமான்டிக் கவிதைங்க. பசங்க காதல் பாட்டுன்னு நினைச்சு வந்து சேருவாங்க. உள்ள பாத்தா குழந்தைங்களும் கடவுளும்தான். குழந்தைக்குக் கடவுள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரின்னு வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தேன். ஆனா உள்ளுக்குள்ள, எல்லாம் கவிஞனோட அளப்புன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நினைச்சேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சார், இந்தப் பொண்ண வேலைய விட்டு அனுப்பிட்டா என் கண்ணாடிய யாரு பாப்பாங்க?"

"யாரு அனுப்பப் போறா?" என்றார் முதலாளி. "அவள நிரந்தரமாக்கணும்னு நேத்து சாயங்காலமே முடிவு பண்ணிட்டேன். இப்பச் சொன்னா தப்புக்குப் பரிசு குடுத்த மாதிரி ஆயிடுமேன்னுதான் வாய மூடிட்டிருந்தேன். ஏம்மா, அந்தத் திருகாணி டப்பாவ முதல்ல இங்க கொண்டாந்து வை."

மாலையில் வாலு அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அவருக்கு நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"நல்லாவே தெரிஞ்சுதுடி. ஆனா இனிமே கேட்டுட்டு எடு."

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது ஒரு வாலுவின் கேள்வியை 'பேசாம சாப்பிடு' என்று அடக்கினால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.