நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டர்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் நானும் சிரிக்கிற ஆள்தான். மயக்க மருந்து டாக்டருக்குப் பேய்ப் பயமா? ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

சைனஸ் ஆபரேஷன். நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். மேஜையில் படுத்த பிறகும் அவருக்கு வாய் சும்மா இல்லை.

“விசில் ஊதிப் பொழைக்கிறவன் டாக்டரம்மா. மூச்சைப் பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க.”

“சில்லறை பாக்கி வைக்காம குடுத்துடறேன். தூங்குங்க.”

அவர் தூங்கியதும் மூச்சுக்குழாயில் டியூபைச் செருகினேன். இனி அவருக்காக மெஷின் மூச்சுவிடும். மூக்கிலிருந்து வழியும் ரத்தம் உள்ளே இறங்காமல் இருக்கத் தொண்டையில் ஈரத் துணியை அடைத்தேன். டியூபை உருவும் முன் அந்தத் துணியை எடுத்தாக வேண்டும். மறந்தால் மூச்சடைத்து ஆள் காலி. அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம். ‘துணி உள்ளே’ என்று பிளாஸ்டரில் எழுதி நோயாளியின் நெற்றியில் ஒட்டிவிடுவோம். நானும் ஒட்டினேன்.

பதினொன்று இருபதுக்கு ஆபரேஷன் முடிந்தது. முகத்தின் மேலிருந்த பச்சைப் போர்வையை விலக்கினார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். டியூபில் கை வைத்தேன்.

க்ஹ்... க்ஹ்...

எனக்குப் பின்னால் யாரோ தொண்டை அடைத்துத் திணறும் சத்தம். திரும்பினேன். வெறும் சுவர்.

“சிஸ்டர், யாரு இருமினது?”

“யாரும் இருமலையே டாக்டர்.”

மறுபடி கை வைத்தேன்.

க்ஹ்... க்ஹ்... இப்போது தோளருகில்.

மூன்றாவது முறை... என் காதோரத்தில். மூச்சுக்காற்று படவில்லை. சத்தம் மட்டும்.

கை தானாக விலகியது. அப்போதுதான்...

துணி!

எடுத்தேன். பிறகு டியூபை உருவினேன். கண்டக்டர் தானாக மூச்சு விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளாஸ்டரைத் தேடினோம். போர்வையில், தரையில், குப்பைக்கூடையில்... எங்கும் இல்லை.

மாலையில் கண்டக்டர் கரகரத்த குரலில் கேட்டார்.

“பக்கத்து மேஜையில படுத்திருந்தவரு எப்படி இருக்காரு? பாவம், வாயைத் தொறந்து தொறந்து தொண்டையையே காட்டினாரு. நெத்தியில என்னமோ எழுதி ஒட்டியிருந்துச்சு... ‘துணி உள்ளே’ன்னு.”

அந்த அறையில் இருப்பது ஒரே மேஜை.

பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க வர்றதுக்கு முன்னாடி, இதே மேஜையில ஒருத்தர் போயிட்டாரு டாக்டர். துணிய எடுக்க மறந்துட்டாங்க. பிளாஸ்டர் ஒட்டுற பழக்கமே அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அவரு நெத்தியில யாரும் எதுவும் ஒட்டலை.”

நான் எழுதிய பிளாஸ்டர் இன்றுவரை கிடைக்கவில்லை.