அண்ணனுக்குக் கிடைத்த வேலை

கப்பல் டிக்கெட் கவுன்ட்டரின் ஷட்டரை அண்ணன் உள்ளிருந்து இறக்கிய காலையை நான் நேரில் பார்க்கவில்லை. அப்போது தீவை விட்டு வந்து மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அம்மா போனில் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் அந்த வரிசையில் நானும் நின்றதுபோல மனத்தில் பதிந்திருக்கிறது. புயல் எச்சரிக்கையால் இரண்டு நாள் கப்பல் ஓடாமல், அன்றுதான் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வடக்குத் தீவிலிருக்கும் டிக்ளிபூருக்குப் போக வேண்டிய ஒரு வங்காளிப் பெரியவர் கம்பிக்குள் கையை நீட்டி, "பேட்டா, ஏக் டிக்கெட், பஸ் ஏக்" என்று, ஒன்றே ஒன்று போதும் மகனே என்று ஹிந்தியில் கெஞ்சியிருக்கிறார். டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அண்ணனோ ஷட்டரை இறக்கிவிட்டு, மேசைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே தகரத்தைத் தட்டும் சத்தம் ஓய வெகுநேரம் ஆயிற்றாம்.

அப்பா அரசு வேலையில் இருக்கும்போதே இறந்தவர். வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் அந்தக் கவுன்ட்டர் வேலை கிடைக்கும், கிடைத்தால் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம் என்றார்கள். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "நாள் பூரா பப்ளிக்கோட மல்லுக்கட்டுற வேலைம்மா. பாப்பா பேர்ல மனு போடுங்க, அதுதான் தாங்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. அபர்டீன் பஜாரில் ஹிந்தியிலும் அரைகுறைத் தெலுங்கிலும் பேரம் பேசி ஜெயிப்பவள் நான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்பவன் அண்ணன். அப்போது அவன் வண்டூர் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தான். அலையாத்திக் கன்றுகளைப் பைகளில் வளர்க்கும் வேலை. நாளெல்லாம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. சாயங்காலம் நகக்கண்ணில் சேற்றோடு வருவான். அவன் வீட்டுக்குள் சீட்டியடித்து நான் கேட்டது அந்த ஒரு வருடம்தான்.

அம்மா, "ஆம்பளப் புள்ள இருக்கையில பொட்டப்புள்ளய அந்தக் கூட்டத்துல உக்கார வைக்கவா?" என்றாள். பிறகு ஏனோ என்னைப் பார்த்து, "நீ என்னடி சொல்ற?" என்று கேட்டாள். மதுரைக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் அன்று என் தலையணைக்கடியில் இருந்தது. "அண்ணனே போகட்டும்மா. போகப் போகப் பழகிரும்" என்றேன். கதவோரம் நின்றிருந்த அண்ணனை நாங்கள் கேட்கவே இல்லை. அவனாகவே "சரி" என்றான். இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஷட்டரை இறக்கிய அந்த நாளுக்குப் பிறகும் அவன் வேலையை விடவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, என் மேல்படிப்பு முடியும்வரை அதே கவுன்ட்டரில் உட்கார்ந்தான். நான் படித்தது உளவியல். நான் பட்டம் வாங்கிய மாதத்தில் அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். குவார்ட்டர்ஸ் போயிற்று. சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் இப்போது என்னோடு இருக்கிறான், கேட்டைத் தாண்டுவதில்லை. ஒருமுறை பத்துப் பதினைந்து செடிகள் வாங்கிவந்து வாசலில் வைத்தேன். நான்கு நாள் தண்ணீர் ஊற்றினான். ஐந்தாம் நாள், "கை வரல பாப்பா" என்றான். செடிகள் காய்ந்தன.

நான் ஒரு பள்ளியில் ஆலோசகர். பிள்ளைகளின் குணம் என்ன, அதற்கு எந்த வேலை பொருந்தும் என்று கேள்வித்தாள் கொடுத்துச் சொல்வது என் பிழைப்பு. போன மாதம் மேசையில் கிடந்த ஒரு தாளை அண்ணன் எடுத்து, பென்சிலால் பொறுமையாக நிரப்பியிருந்தான். நானும் வழக்கம்போல மதிப்பெண் போட்டேன். தனியாகச் செய்யும் வேலை, உயிருள்ளதைப் பேணும் வேலை, தோட்டம், காடு, நாற்றுப் பண்ணை என்று வந்தது.

அதைப் படித்துவிட்டு, "ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டான்.

"ஜனங்களோட பழகுற வேலை."

தலையை ஆட்டினான். "அப்ப ஆள் மாறி உக்காந்துட்டோம்" என்றான். அதில் குறையோ கோபமோ இல்லை. பஸ்ஸில் சீட்டு மாறி உட்கார்ந்தவர் சொல்வதுபோல இருந்தது.

இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தான். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. என்ன பேசியும் அவனுக்கு இருபத்திரண்டு வயதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறுநாள் பள்ளிக்கு வந்த ஒரு தகப்பனார், மகளுடைய தாளைப் புரட்டிக்கொண்டே, "மேடம், இதெல்லாம் சரியா இருக்குமா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்கும்" என்றேன்.